டொட் நெற்: பெயரினால் மறைந்த பொருள்

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய நாள், எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையிலே ஒரு சிறு விவாதம் எழுந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்த பத்திரிகை விளம்பரமே அதற்குக் காரணம். கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்று ‘டொட் நெற் அறிந்தவர்கள்’ வேண்டுமென்று அதிலே கேட்டிருந்தது. “இந்த டொட் நெற் எண்டது என்ன, சேர்?” என்று அவன் பொதுவாகக் கேட்டான்.

கணித ஆசிரியர், அஃது ஒரு கணினி மொழி என்றார். வர்த்தக ஆசிரியர், இணைய முகவரிகளின் வாலிலே வரும் புள்ளியும் சொல்லுமே அது என்றார். மூன்றாமவர், வின்டோஸ் ஓடுகின்ற கணினிக்கு மாத்திரம் உரிய பொருள் அது, காசு கொடுத்தே வாங்கவேண்டும் என்றார். நான்காமவர், அதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்திய பழங்கதை, இப்போது அதனைத் தொடுவார் இல்லை என்று கையை விரித்தார்.

நால்வரும் கற்றவர்கள், நால்வர் கூற்றும் பிழை. ஆயினும் அவர்களைப் பார்த்து நகைக்கும் உரிமை எனக்கு இல்லை. மூன்றாமவர் சொன்னதையே, ஓர் ஐயமுமின்றி, முன்னொரு காலத்தில் ஒரு மாணவிக்குச் சொன்னவன் நான். அதனால் அவள் எதை இழந்தாள் என்பதைப் பின்னர் அறிந்தவனும் நானே. இதனை எழுதத் தூண்டியது அந்த நினைவு.

பெயரிலிருந்து தொடங்குவோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் கிடக்கின்றது.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆந் திகதி, அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரிலே, மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் தங்கள் புதிய திட்டத்தை உலகுக்கு அறிவித்தனர். அதுவரை தங்களுக்குள் ‘அடுத்த தலைமுறை வின்டோஸ் சேவைகள்’ என்று அதனை வழங்கிவந்தனர். நீண்ட பெயராயினும் பொருள் ஓரளவு விளங்கும் பெயர். அறிவிப்பு நாளிலே அது கழிந்து, ‘டொட் நெற்’ என்னும் சுருக்கப் பெயர் வந்தது. இணையம் என்ற சொல்லுக்கு உலகம் மயங்கி நின்ற காலம் அது. வியாபாரப் பெயர் எதுவாயினும் அதன் வாடை வீசவேண்டும் என்று கருதினர். ஆனால் ‘டொட் நெற்’ என்னும் ஈறு 1985ஆம் ஆண்டு தொட்டே இணைய முகவரிகளில் வழங்கிவருவது. எனவே எங்கள் வர்த்தக ஆசிரியரின் மயக்கத்துக்கு அவரைக் குறைகூற இயலாது. இன்னொருவர் வீட்டு வாசலில் எழுதியிருந்த பெயரை எடுத்துத் தம் பிள்ளைக்கு இட்டவர்களே பொறுப்பாளிகள்.

இட்டது ஒரு பிள்ளைக்காயினும் நன்றாயிருந்திருக்கும். அந்நாளில் அந்நிறுவனம் விற்ற தரவுத்தளமும் அஞ்சற் சேவையகமும் ‘டொட் நெற் சேவையகங்கள்’ என்னும் குடும்பப் பெயரால் விளம்பரம் பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை அத்தளத்தினால் ஆக்கப்பட்டவையே அல்ல. பயனரின் முகவரி, நாட்குறிப்பு முதலியவற்றைத் தாமே காத்துவைப்பதாக 2001இல் அறிவித்த ஒரு சேவைக்கும் அப்பெயரே இடப்பட்டது. மக்கள் அதனை நம்பவில்லை, மறு ஆண்டே கைவிட்டனர். வின்டோஸ் சேவையகத்தின் புதிய பதிப்புக்குக்கூட அப்பெயரைச் சூட்டி, வெளியிடுவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், 2003 ஜனவரியிலே அகற்றிவிட்டனர். நல்ல பொருள் ஒன்று தன் பிறப்பிலேயே விளம்பரகாரரின் கையிலே அகப்பட்டுக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

இந்தச் சந்தடிக்கு நடுவே உண்மையான பொருள் ஒன்று இருந்தது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ‘டொட் நெற் பிரேம்வேர்க்’ என்னும் பெயரோடு அது வெளிவந்தது.

அது பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லலாம். சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1995இல் ஜாவாவை வெளியிட்டனர். ஒருமுறை எழுதிய செய்நிரல் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் உரிமம் பெற்று ஜாவாவைத் தம் வழிக்கு ஏற்ப வளைத்தனர். சண் நிறுவனத்தார் 1997இல் வழக்குத் தொடுத்தனர். 2001 ஜனவரியில், 2 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, மைக்ரோசொப்ட் அவ்வழியை விட்டு விலகியது. இதற்கிடையில், டேர்போ பஸ்கால், டெல்பி ஆகிய புகழ்பெற்ற கருவிகளைப் படைத்த டென்மார்க் நாட்டவரான அண்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க் என்பார், 1996இல் போர்லண்ட் நிறுவனத்திலிருந்து அங்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் தலைமையிலே உருவான புதிய மொழிக்குப் பெயர் சீ ஷார்ப். அந்த மொழி வேறு, அது நிற்கும் தளமாகிய டொட் நெற் வேறு. எங்கள் கணித ஆசிரியர் இரண்டையும் ஒன்றாகக் கண்டார்.

மொழி அன்று என்றால் பின் யாது?

வாசகர் ஒரு மாநாட்டை எண்ணிப் பார்ப்பாராக. நான்கு மொழி பேசுவோர் அங்கே கூடியிருக்கின்றனர். ஒவ்வொரு மொழியிலிருந்தும் மற்றைய மூன்றுக்கும் நேரே பெயர்க்கவேண்டின், ஒரு திசைக்கு ஒருவராகப் பன்னிரண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எல்லாரும் அறிந்த ஓர் இடைமொழியை வைத்துக்கொண்டால், அதற்குள் பெயர்ப்போர் நால்வர், அதிலிருந்து பெயர்ப்போர் நால்வர், ஆக எண்மர் போதும். மொழிகள் பெருகப் பெருக இந்த வேறுபாடும் பெருகும். கணினி உலகிலும் இதே நிலைதான். ஒரு பக்கத்திலே மனிதர் செய்நிரல் எழுதும் மொழிகள் பல. மறு பக்கத்திலே வெவ்வேறு கட்டளைகளை மட்டும் அறிந்த இயந்திர வகைகள் பல. பத்து மொழிகளும் ஐந்து இயந்திர வகைகளும் இருந்தால் ஐம்பது தொகுப்பான்கள் எழுதவேண்டும். இடையிலே ஒரு பொதுமொழி இருப்பின் பதினைந்தே போதும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1958ஆம் ஆண்டிலேயே, கணினிகள் அறை நிறைந்த பெட்டிகளாய் இருந்த காலத்திலே, இத்தகைய பொது இடைமொழி ஒன்று வேண்டுமென முன்மொழிந்தவர்கள் உண்டு. அன்று அது கைகூடவில்லை. ஜாவாவின் உள்ளேயும் ஓர் இடைமொழி இருக்கின்றது. ஆனால் அது ஜாவா என்ற ஒரு மொழியையே மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. டொட் நெற்றை வகுத்தவர்கள், பல மொழிகளுக்கும் இடங்கொடுக்கும் நோக்குடன் தம் இடைமொழியை வகுத்தனர். சீ ஷார்ப்பில் எழுதினாலும் விஷுவல் பேசிக்கில் எழுதினாலும், கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்திலே டொன் சைம் என்பார் ஆக்கிய எப் ஷார்ப்பில் எழுதினாலும், தொகுப்பான் அதனை ஒரே இடைமொழிக்கு மாற்றிவிடுகின்றது. பழம்பெரும் கோபோலுக்குக்கூட ஜப்பானிய நிறுவனமாகிய புஜிட்சு இதற்கென ஒரு தொகுப்பான் செய்தது.

இடைமொழியிலே எழுதியதை எந்த இயந்திரமும் நேரே அறியாது. அதனை அறிந்து இயந்திர மொழிக்கு மாற்றி நடத்துவதற்கு ஒரு பகுதி உண்டு. தொழிலில் உள்ளோர் அதனை ‘ரன்டைம்’ என்பர். செய்நிரல் ஓடுகின்ற வேளையிலே, தேவையான துண்டைத் தேவையான நேரத்தில் எடுத்து, அந்தக் கணினிக்கு ஏற்றவாறு அது மொழிபெயர்க்கின்றது. முழு உரையையும் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுப்பதற்கும், பேச்சாளர் பேசப் பேசப் பக்கத்தில் நின்று பெயர்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. இன்னுமொரு பணியும் அதற்குண்டு. செய்நிரல் பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட நினைவக இடங்களைத் தேடித் துப்புரவு செய்வதும் அதன் கடமை. பழைய மொழிகளிலே எழுதுவோர் இவ்வேலையைத் தாமே செய்யவேண்டியிருந்தது; மறந்தால் கணினி திணறி நின்றுவிடும். அந்த வேதனையை அனுபவித்தவர்களுக்கே இந்த உபகாரத்தின் அருமை தெரியும்.

மூன்றாவது பகுதி ஒரு நூலகம். கோப்பைத் திறத்தல், திகதியைக் கணித்தல், எழுத்துத் தொடரை வரிசைப்படுத்தல் போன்ற அன்றாட வேலைகளுக்கு முன்பே எழுதி வைத்த பகுதிகளின் தொகுதி அது. இடைமொழி, ரன்டைம், நூலகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே டொட் நெற். அதன்மேல் கட்டப்படும் வீடுகள் வேறு. வீட்டைக் கட்டுவோர் பேசும் மொழிகள் வேறு.

இவ்வமைப்பிலே ஒரு முரண்பாடு தெரிகின்றதல்லவா? இடைமொழி இருக்கின்றது, ஒவ்வொரு கணினி வகைக்கும் ஒரு ரன்டைம் எழுதினால் எங்கும் ஓடலாம். அவ்வாறிருந்தும் அது வின்டோஸ் என்னும் ஒரு வளவுக்குள் ஏன் அடைபட்டுக் கிடந்தது? தடை இயந்திரத்திலே இல்லை, வியாபாரத்திலே இருந்தது என்பதே என் எண்ணம். வின்டோஸை விற்றுப் பிழைக்கும் நிறுவனம், வின்டோஸ் இல்லாமலும் ஓடும் பொருளைப் பரப்புமா? 2001ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசியவர். ஆனால் அதே ஆண்டு டிசம்பரிலே, சீ ஷார்ப் மொழியின் இலக்கணமும் இடைமொழியின் இலக்கணமும் ஐரோப்பிய நியம அமைப்பாகிய எக்மாவினால் நியமங்களாக ஏற்கப்பட்டன. அவற்றை அங்கே ஒப்படைத்தவர்களும் அதே நிறுவனத்தாரே. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பின் படத்தைத் தெருவில் ஒட்டிவிட்டதுபோல!

அந்தப் படத்தைப் பார்த்துத் திறப்புச் செய்தவர் மெக்சிக்கோ நாட்டினரான மிகுவெல் டி இகாசா. வெளியாகியிருந்த இலக்கணத்தைக் கொண்டே, லினக்ஸிலும் ஓடும் வேறொரு டொட் நெற்றை அவரும் அவருடைய தோழர்களும் எழுதத் தொடங்கினர். ‘மோனோ’ என்று பெயர் பெற்ற அதன் முதற் பதிப்பு 2004 ஜூனிலே வந்தது. இருதரப்பாரும் அவர்களை ஐயுற்றனர். கட்டற்ற மென்பொருள் அன்பர்கள், எதிரியின் பொறியிலே இவர்கள் விழுந்துவிட்டனர் என்றார்கள். வின்டோஸ் பக்கத்தாருக்கோ அது ஒரு விளையாட்டுப் பொருளாய்த் தோன்றிற்று. அந்த விளையாட்டுப் பொருளையே அடியாகக் கொண்டு, யுனிட்டி என்னும் கருவி மூலம் கணினி விளையாட்டுகள் எண்ணற்றவை பின்னாளில் உருவாயின.

மைக்ரோசொப்ட் மனம் மாறியது 2014இல். மாறியது மனமா, வரவுசெலவுக் கணக்கா என்று கேட்கலாம். அக்காலத்திலே அதன் வருவாய், தன் பெரிய கணினிகளை இணையத்தின் வழியே பிறருக்கு வாடகைக்கு விடும் தொழிலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. வாடகைக்கு எடுத்தோரிற் பலர் லினக்ஸையே விரும்பினர். அந்த ஆண்டு நவம்பரிலே, டொட் நெற்றின் மையப் பகுதிகளின் மூல நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய வகையில் வெளியிடுவதாக அறிவித்தனர். புதிதாக எழுதப்பட்ட ‘டொட் நெற் கோர்’ 2016 ஜூன் மாதத்திலே, வின்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் ஓடும் பொருளாக, விலையின்றி வெளிவந்தது.

பொருளின் குழப்பம் அன்றோடு தீர்ந்தது. பெயரின் குழப்பம் இரட்டித்தது. பழைய பிரேம்வேர்க் ஒரு பக்கம், புதிய கோர் ஒரு பக்கம், இரண்டுக்கும் பொதுவான உடன்படிக்கையாக ‘டொட் நெற் ஸ்டாண்டர்ட்’ என்று மூன்றாவதொன்று. பிரேம்வேர்க் 2019இல் 4.8 என்னும் பதிப்போடு பெருவளர்ச்சி நின்று, பராமரிப்பை மட்டும் பெறும் முதியவராயிற்று. கோர் 3.1 வரை வந்தபின், 2020 நவம்பரிலே ‘கோர்’ என்ற ஒட்டை உதறிவிட்டு, ‘டொட் நெற் 5’ என்று வெளிவந்தது. இடையிலுள்ள 4 எங்கே என்று தேடுவோர் உண்டு. பழைய பிரேம்வேர்க்கின் நான்காம் பதிப்போடு மயங்காதிருக்கவே அந்த எண்ணைத் தாண்டினர். இணையத்தளம் அமைக்கும் பகுதியின் பெயரிலே ‘கோர்’ இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. அதன்பின் ஆண்டுதோறும் நவம்பரிலே ஒரு பதிப்பு. 2025இல் வந்தது பத்து. எங்கள் நான்காமவர் இறந்துவிட்டதாகச் சொன்னது ஓய்வுபெற்ற முதியவரை, அவரும் இறக்கவில்லை. அதே குடும்பப் பெயரோடு உழைத்துக்கொண்டிருக்கும் மகனை அவர் அறியார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2003ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்திருந்த காலம். கொழும்புக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் மூலம், டொட் நெற் பற்றிய தடித்த நூல் ஒன்றை வரவழைத்தேன். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்குப் போயிற்று. பல முறை படித்தேன், குறிப்பெடுத்தேன், அக்குறிப்புகளையே ஆண்டாண்டாக வகுப்பிலே சொல்லிக்கொடுத்தேன். வின்டோஸ் இன்றி இது இயங்காது என்பது அதன் முதற் பக்கத்திலே சிவப்பு மையால் நான் கோடிட்ட வரி. நூல் தன் காலத்துக்குச் சரியானதையே சொல்லியது. குறிப்புத்தான் தன் காலத்தைத் தாண்டி உயிர்வாழ்ந்துவிட்டது.

2018இல் மாணவி ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி. வெளிநாட்டிலிருந்த மாமன் தான் பாவித்து விட்ட மடிக்கணினியை அனுப்பியிருந்தார். வின்டோஸ் உரிமம் வாங்க வசதியில்லாமையால், என் பழைய மாணவன் ஒருவன் அதிலே லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருந்தான். மென்பொருள் நிறுவனம் ஒன்று அவளைப் பயிற்சிக்கு அழைத்திருந்தது. அங்கே வேலை சீ ஷார்ப்பில். போகுமுன் வீட்டிலிருந்தே மூன்று மாதம் படித்து ஒரு சிறு செயற்றிட்டம் செய்து அனுப்பவேண்டும். “என்ரை கொம்பியூட்டரிலை இதைச் செய்யலாமோ, சேர்?” என்று கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை, அது வின்டோஸ் இல்லாமல் ஓடாது” என்றேன். சொல்வதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

அவள் அந்த அழைப்பை விட்டுவிட்டாள். கடை ஒன்றிலே கணக்கு எழுதும் வேலைக்குப் போனாள். மூன்று ஆண்டு கழித்து, அதே மடிக்கணினியைத் துணிப்பையிலே சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கடை வேலை முடிந்து இரவுகளிலே தானாகக் கற்றிருக்கிறாள். லினக்ஸ் திரையிலே, சீ ஷார்ப்பில் எழுதிய செய்நிரலை என் கண் முன்னே ஓட்டிக் காட்டினாள். பிறகு, குரலை உயர்த்தாமலே கேட்டாள்: “நீங்கள் எனக்குச் சொன்ன நேரத்திலையும் இது இப்படி ஓடினதோ, சேர்?”

எனக்கு அப்போது தெரியவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்தேன். அவள் கேட்ட நாளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது லினக்ஸில் ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த நாள் கடைக்குப் போய் அவளிடம் அதைச் சொன்னேன். சிறிது நேரம் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நானும் வேறை ஆரிட்டையும் கேக்கேல்லை” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை ஏற்பதா மறுப்பதா என்று அவளுக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். இப்போது அவள் மென்பொருள் வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுக்கு நான் எங்கே போவது?

அவள் அன்று காட்டிய செய்நிரலைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ் வாசகருக்கு அது சுவை தரும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்னவென்று அது கணினியைக் கேட்டது. ஐந்து என்று விடை வந்தது. மூன்றெழுத்துச் சொல்லை ஐந்தென்கிறதே, இந்தத் தளத்துக்குத் தமிழ் தெரியவில்லை என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுபடியும் ஒரு பிழை! நம் பத்திரிகைகளும் கந்தோர்களும் பாமினி போன்ற எழுத்துருக்களிலே, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி இட்டு வேலை செய்த காலத்திலேயே, டொட் நெற் தன் முதற் பதிப்பிலிருந்து யுனிக்கோட்டையே கைக்கொண்டது. யுனிக்கோட்டில் ‘மி’ என்பது ம, இகரக் குறி என இரண்டு அலகு. ‘ழ்’ என்பது ழ, புள்ளி என இரண்டு. தகரம் ஒன்று. ஆகவே ஐந்து. நான் கேட்டது எழுத்து எத்தனை என்று. அது சொன்னது அலகு எத்தனை என்று. ஜாவாவும் இதே விடையைத்தான் தரும். எழுத்தை எண்ணுவதற்கு அந்த நூலகத்திலே தனியாக ஒரு வழி இருக்கிறதென்று கூறி, அவள் ஒரு வரியை மாற்றினாள். மூன்று என்று வந்தது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்ட நம் இலக்கண ஆசிரியர்களுக்கு அந்த விடை உடன்பாடாகும்.

ஆசிரியர் அறைக்குத் திரும்புவோம். விவாதம் மூண்டுகொண்டிருக்கையில், அந்த மாணவனைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மூலையிலிருந்த பழைய லினக்ஸ் இயந்திரத்தைத் திறந்து, டொட் நெற்றை இறக்கி நிறுவச் செய்தேன். கரண்ட் ஒருமுறை நின்று வந்தது, மீண்டும் தொடங்கினோம். விளம்பரத் துண்டிலிருந்து ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கச் சொன்னேன். ‘கொழும்பு’ என்று தட்டெழுதினான். திரையிலே 8 என்று வந்தது.

அவன் விரல்விட்டு எண்ணினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “நாலெழுத்துத்தானே, சேர்? இது பிழை சொல்லுதோ?”

நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் அமர்ந்தேன்.